அரங்கேறாத படம்

ஒரு புஸ்தகத்தை அரசாங்கத்தார் பறிமுதல் செய்தால், அதன் பெயரும், பறிமுதல் செய்த தேதியும், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்பதும் கெஜட்டில் வெளியாகின்றன. பத்திரிகைகள் கண்டிக்கின்றன, சட்டசபையில் கேள்விகள் எழுகின்றன, நியாயஸ்தலத்தை நாடவும் வழியிருக்கிறது. ஆனால், ஒரு படைப்பை ஒருவன் பணங்கொடுத்து வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் அதைப்பற்றிக் கேட்பாரில்லை. வாங்கினவனுக்குச் சொந்தம், சொந்தக்காரன் தன் பொருளை என்ன செய்தால் நமக்கென்ன என்று உலகம் வாளாவிருந்து விடுகிறது. இவ்விரண்டு தடைகளில் பின்னதே அதிக அபாயகரமானது என்பது நமது அபிப்பிராயம். இதை விளக்குவதற்காக, அமெரிக்க நாட்டில் 1992-ம் வருஷ முடிவிலிருந்து 1994-ம் வருஷத் தொடக்கம் வரையில் நடந்த ஒரு சினிமாப் படத்தின் சரித்திரத்தை நேயர்கள் முன் வைக்கிறோம்.

அது பெரிய படமன்று. சிறுவர்கள் விரும்பிப் படிக்கும் சித்திரக்கதை ஒன்றைத் தழுவி, சொற்பப் பணத்தில், ஒரு மாதத்திற்குள் படம்பிடித்து முடித்த படம். இத்தகைய விஷயத்திற்கு இப்பக்கத்தில் இடமேன் என்று சிலர் கேட்கலாம். மகா காவியமொன்று எரிக்கப்பட்டால் கண்ணீர் விட ஊரே திரளும். எவரும் மதியாத சிறு படைப்பு அழிக்கப்படும்போது என்ன சொல்கிறோம் என்பதில்தான் நமது கொள்கையின் உறுதி தெரியும். ஆகையால் பொருள் சிறிதென்று எண்ணாமல் இவ்வரலாற்றைக் கவனிக்குமாறு வேண்டுகிறோம்.

நால்வரின் பிறப்பு

1961-ம் வருஷத்தில் நியூயார்க் நகரத்து மார்வெல் பிரசுராலயத்தார் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்', அஃதாவது 'அற்புத நால்வர்' என்ற சித்திரக்கதைப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். எழுத்து மிஸ்டர் ஸ்டான் லீ. சித்திரம் மிஸ்டர் ஜாக் கர்பி. ரீட் ரிச்சர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும், அவர் மணக்கவிருந்த சூ என்ற பெண்ணும், அவளுடைய தம்பி ஜானியும், விமானியாகிய பென் கிரிம் என்பவனும் ராக்கெட்டில் ஏறி ஆகாயவெளிக்குச் செல்கையில் அண்டக்கதிர்கள் அவர்கள்மீது பாய்கின்றன. பூமிக்குத் திரும்பியதும் ரீடின் தேகம் ரப்பரைப்போல் நீளுகிறது. சூ கண்ணுக்குப் புலப்படாமல் மறைகிறாள். ஜானி தீப்பிழம்பாகிப் பறக்கிறான். பென்னின் உடல் கற்பாறையாகி விடுகிறது.

அதுவரையில் அந்நாட்டுச் சித்திரக்கதைகளில் உலவிய வீரர்களிற் பெரும்பாலார் குறையொன்றும் இல்லாதவர்கள். வேஷமிட்டுத் தங்கள் பெயரை மறைத்துக்கொண்டவர்கள். இந்நால்வரோ பெயரை மறைப்பதில்லை. ஒரு குடும்பத்தாரைப்போல் ஓயாமல் சச்சரவிடுகிறார்கள், பணமுடையால் திண்டாடுகிறார்கள். பென் கிரிம் தனக்குக் கிடைத்த பலத்தை வரமென்று எண்ணாமல் சாபமென்றே நினைந்து ஏங்குகிறான். வாசகர்கள் இதை மிகவும் விரும்பினார்கள். மார்வெல் பிரசுராலயத்தின் பிற்காலச் செல்வத்துக்கு அடிக்கல் நாட்டியது இந்தப் பத்திரிகையே என்று சொல்வது மிகையாகாது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். கதைகளை ஆக்கியவர்கள் வேறு. அவற்றுக்குச் சொந்தக்காரர் வேறு. 1938-ம் வருஷத்தில் 'சூபர்மேன்' கதையை ஆக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இரு வாலிபர்கள் அதன் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அத்தொகைக்குரிய செக்குக் காகிதம் மட்டும் 2012-ம் வருஷத்தில் 1,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று! கர்பியின் பிள்ளைகளும் 2009-ம் வருஷத்தில் தங்கள் தந்தையின் படைப்புக்களில் உரிமை கோரினார்கள். கீழ்க்கோர்ட்டிலும் அப்பீல் கோர்ட்டிலும் மார்வெல் கம்பெனியே ஜயித்தது. 2014-ம் வருஷத்தில் இரு கட்சியாரும் சமாதானமாகி வழக்கை முடித்துக் கொண்டார்கள். ஆக்கியவனுக்குக் கூலி, வாங்கினவனுக்கு உடைமை என்ற முறை அந்தத் தொழிலில் ஆதிமுதல் வேரூன்றியது. நாம் சொல்ல வந்த படத்தின் கதி, அந்த முறையின் கடைசிப் பலன்.

கெடுத் தேதி

ஜெர்மனி தேசத்துக் கான்ஸ்டான்டின் பிலிம் கம்பெனியைச் சேர்ந்த மிஸ்டர் பெர்ண்ட் ஐஷிங்கர் பெயர்பெற்ற படமுதலாளி. 'தி நேம் ஆப் தி ரோஸ்' முதலிய படங்களைத் தயாரித்தவர். அவர் 1986-ம் வருஷத்தில் மார்வெல் கம்பெனியிடமிருந்து 'நால்வர்' கதையைப் படமெடுக்கும் உரிமையைப் பெற்றார். இவ்வுரிமைக்கு ஒரு கெடு உண்டு. 1992-ம் வருஷம் டிசம்பர் மாதம் 31-ந் தேதிக்குள் படவேலை தொடங்காவிட்டால் உரிமை மார்வெல் கம்பெனிக்கே திரும்பிவிடும்.

இக்கதையைத் தக்கபடி எடுக்கப் பெருந்தொகை வேண்டும். நீளும் தேகமும், எரியும் மனிதனும், கல்லுடம்பும் அக்காலத்துத் தந்திரக் காட்சிகளுக்குச் சுலபமானவை அல்ல. வருஷங்கள் ஓடின, பணம் திரளவில்லை. கெடுவை நீட்டிக்கும்படி ஐஷிங்கர் மார்வெல் கம்பெனியைக் கேட்டார், அவர்கள் இசையவில்லை. அப்பொழுது அவர் ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துப் படித்தார். படமெடுக்க வேண்டுமென்று அதில் இருந்ததே யன்றி, பெரும் படமாக எடுக்க வேண்டுமென்று இல்லை. உடனே அவர் 'சிக்கனச் சக்கரவர்த்தி' என்று சொல்லத் தகுந்த மிஸ்டர் ரோஜர் கோர்மனிடம் சென்றார்.

கோர்மனைப்பற்றிச் சில வார்த்தைகள் அவசியம். 1960-ம் வருஷத்தில் 'தி லிட்டில் ஷாப் ஆப் ஹாரர்ஸ்' என்ற படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாட்களில் எடுத்து முடித்தவர் அவர். நூற்றுக்கணக்கான படங்களைச் சொற்பச் செலவில் தயாரித்தும் ஒரு காசும் நஷ்டப்பட்டதில்லை என்று தம் சுயசரிதத்தின் தலைப்பிலேயே பெருமை பேசியவர். அவருடைய பணிமனை கஞ்சத்தனத்துக்குப் பெயர் போனது. ஆனால் அதுவே பெரிய பாடசாலையாகவும் இருந்தது. பிரான்ஸிஸ் கொப்போலா, மார்ட்டின் ஸ்கார்சேஸி, ஜேம்ஸ் காமரூன், நடிகர் ஜாக் நிக்கல்ஸன் ஆகியோர் அவரிடம் தொழில் பழகியவர்களே. 2009-ம் வருஷத்தில் அமெரிக்கச் சினிமா அகாடமி அவருக்குக் கௌரவ ஆஸ்கார் பரிசு அளித்தது. 2024-ம் வருஷத்தில், தமது 98-வது வயதில், காலஞ்சென்றார்.

ஐஷிங்கரும் கோர்மனும் உடன்பட்டார்கள். சுமார் 10 லக்ஷம் டாலர் செலவில் படமெடுப்பதென்று தீர்மானமாயிற்று. 1978-ம் வருஷத்து 'சூபர்மேன்' படத்துக்குச் சுமார் 5½ கோடி டாலர் செலவாயிற்று என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இத்தொகையின் சிறுமை விளங்கும். 1992-ம் வருஷம் டிசம்பர் மாதம் 28-ந் தேதி, கெடுவுக்கு மூன்று நாட்கள் இருக்கையில், காமிரா சுழலத் தொடங்கிற்று. ஒப்பந்தத்தின் எழுத்து காப்பாற்றப்பட்டது.

பத்து லக்ஷத்தில் ஒரு படம்

டைரக்டர் மிஸ்டர் ஓலி சாசோன். ரீட் வேஷத்துக்கு அலெக்ஸ் ஹைட்-ஒயிட், சூ வேஷத்துக்கு ரெபெக்கா ஸ்டாப், ஜானி வேஷத்துக்கு ஜே அண்டர்வுட், பென் வேஷத்துக்கு மைக்கேல் பெய்லி ஸ்மித், வில்லனாகிய டாக்டர் டூம் வேஷத்துக்கு ஜோஸப் கல்ப் ஆகியோர் அமர்ந்தார்கள். கல்லுடம்பாக மாறிய பின்னுள்ள பென்னாக, ரப்பர்க் கவசத்தினுள் புகுந்து நடித்தவர் கார்ல் சியர்பாலியோ என்ற சாகஸ நடிகர். லாஸ் ஏஞ்சலீஸை அடுத்த வெனிஸ் என்னும் இடத்திலுள்ள கோர்மனுடைய பழைய ஸ்டூடியோவிலும், அக்கம்பக்கத்து இடங்களிலும் படப்பிடிப்பு நடைபெற்றது.

படத்தை உள்ளபடி மதிப்பிட வேண்டும். உழைத்தவர்களிடம் அநுதாபம் இருப்பதற்காக இல்லாத புகழைக் கூறுவது பத்திரிகைத் தர்மமாகாது. நீளுகிற கை நெடுங்கழியில் உறையைச் சுற்றியதுபோல் தோன்றுகிறது. இறுதியில் ஜானி தீயுருக்கொண்டு பறக்கும் காட்சியில் உயிருள்ள மனிதனுக்குப் பதிலாக ஒரு வரைசித்திரப் பொம்மையே பறக்கிறது. அதே 1993-ம் வருஷத்தில் 'ஜுராஸிக் பார்க்' படத்தின் ராக்ஷஸப் பிராணிகள் நிஜமே போல் நடமாடியதைக் கண்ட கண்களுக்கு இது சிரிப்பை விளைவிக்கும் என்பதில் ஐயமில்லை. டூமின் பேச்சு முகமூடிக்குள் சிக்கிப் பல இடங்களில் தெளிவாகக் கேட்பதேயில்லை.

ஆயினும் படத்தில் மூலக்கதையினிடத்தில் விசுவாசம் இருக்கிறது. கதையைத் தங்கள் மனம்போல் மாற்றவில்லை, கேலி செய்யவுமில்லை. பென் கிரிம் தன் கல்லுருவை எண்ணி மனம் நொந்து, கூட்டாளிகளை விட்டு அகன்று போவதும், கண்ணில்லாத சிற்பியாகிய அலிஷியா என்ற பெண்ணின் அன்பு அவனை மீண்டும் மனிதனாக்குவதும் உள்ளத்தைத் தொடுகின்றன. கவசத்தினுள் வியர்த்து வாடிய சியர்பாலியோ கண்களாலும் தோள்களாலுமே துக்கத்தை வெளியிடுகிறார். படமுடிவில் ரீடுக்கும் சூவுக்கும் விவாகம் நடக்கிறது. மணமக்கள் ஏறிச்செல்லும் மோட்டாரின் கூரைவழியே மாப்பிள்ளையின் கை நெடுந்தூரம் நீண்டு வழியனுப்ப வந்தவர்களுக்கு விடைகூறுகிறது. கொட்டகையில் சிறுவர்கள் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். அச்சிரிப்பு கேட்கப்படாமலே போயிற்று.

சொற்பச் செலவே ஒரு படத்துக்கு இழிவாகாது. கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லேர்ட் என்னும் இருவர் 1984-ம் வருஷத்தில் தாங்களே அச்சிட்டு வெளியிட்ட கறுப்பு வெள்ளைச் சித்திரக்கதையிலிருந்து 'டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்டில்ஸ்' என்ற படம் 1990-ம் வருஷத்தில் எடுக்கப்பட்டது. பெரிய கம்பெனிகள் தள்ளிவிட்ட அந்தப் படம், சுமார் 1 கோடி 35 லக்ஷம் டாலரில் தயாராகி, 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ரப்பர்க் கவசம் அணிந்த நடிகர்களே அதிலும் ஆமைகளாக ஆடினார்கள். ஜனங்கள் கவசத்தைப் பார்த்து ஏளனம் செய்யவில்லை. ஆகவே, எந்தப் படம் தகும், எது தகாது என்று கூறவேண்டியவர்கள் பணங்கொடுத்துப் பார்க்கும் ஜனங்களேயாவர்.

உழைத்தவர்களின் நம்பிக்கை

படப்பிடிப்பு முடிந்த பிறகும் வேலைகள் பல பாக்கி. பணமோ தீர்ந்துவிட்டது. அப்போது இப்படத்தில் வேலை செய்தவர்கள் நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. சங்கீதம் அமைத்த டேவிட் உர்ஸ்ட், எரிக் உர்ஸ்ட் என்பவர்கள் சுமார் 6,000 டாலரைத் தங்கள் கைப்பணத்திலிருந்து போட்டு, 48 பேர் கொண்ட வாத்தியகோஷ்டியை அமர்த்திப் பாட்டுப் பதிவு செய்தார்கள். நடிகர்கள் தங்கள் செலவிலேயே ஒரு விளம்பர ஏஜெண்டை நியமித்தார்கள். சித்திரக்கதை அன்பர்களின் மகாநாடுகளுக்குச் சென்று, படத்துண்டுகளைக் காட்டி, கையொப்பமிட்டுக் கொடுத்துப் பிரசாரம் செய்தார்கள். இதற்கெல்லாம் ஒருவரும் அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை.

அவர்கள் அசடர்கள் அல்லர். நடிகனுக்கு மூலதனம் அவனுடைய முகம். படம் வெளிவந்தால்தான் அடுத்த வேலை கிடைக்கும். பத்து லக்ஷத்துப் படத்தில் ஒருவன் திறமையைக் காட்டினால் பத்துக் கோடிப் படத்துக்கு அழைப்பு வரக்கூடும். கோர்மனுடைய ஸ்டூடியோவிலிருந்து முன்னேறிய பலரது உதாரணமும் அவர்கள் கண்முன் இருந்தது. இந்நம்பிக்கையையே முதலாக வைத்து அவர்கள் உழைத்தார்கள்.

1993-ம் வருஷத்தில் கொட்டகைகளில் படத்தின் முன்னோட்டம் காட்டப்பட்டது. 1994-ம் வருஷம் ஜனவரி மாதம் 19-ந் தேதி மின்னஸோட்டா மாகாணத்திலுள்ள 'மால் ஆப் அமெரிக்கா' என்னும் பிரம்மாண்டமான அங்காடியில் முதற்காட்சி நடைபெறுமென்றும், வசூல் குழந்தைகளின் தர்ம ஸ்தாபனங்களுக்கு அளிக்கப்படுமென்றும் அறிவித்தார்கள்.

அக்காட்சி நடைபெறவேயில்லை. விளம்பரத்தை உடனே நிறுத்தவேண்டுமென்று நடிகர்களுக்கும் டைரக்டருக்கும் உத்தரவு வந்தது. நெகடிவ் சுருள்கள் கைப்பற்றப்பட்டன. படம் வெளியாகாது என்று சாசோனுக்கு அறிவித்துவிட்டார்கள். காரணம் கேட்கப் பாத்தியதை உள்ளவர்கள் ஒருவருமில்லை. கூலி வாங்கிவிட்டார்கள் அல்லவா?

மூவர் கூற்று

இது ஏன் நிகழ்ந்தது? சம்பந்தப்பட்டவர்கள் பின்னாளில் வெவ்வேறு விதமாகப் பேசினார்கள்.

ஸ்டான் லீயின் கூற்று, இப்படம் வெளியிடுவதற்காக எடுக்கப்பட்டதே அன்று என்பது. நடித்தவர்களுக்கு மாத்திரம் இது தெரியாதாம். ஐஷிங்கரும் கோர்மனும் இதை மறுத்தார்கள். வெளியிடும் எண்ணத்துடனேயே எடுத்தோம் என்பது அவர்கள் வாதம். அக்காலத்தில் மார்வெல் கம்பெனியின் சினிமாக் காரியங்களைக் கவனித்து வந்த மிஸ்டர் அவி ஆராத் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். இத்தகைய மலிவான படம் ஒன்று வரப்போகிறது என்று கேள்வியுற்றதும், அது 'நால்வர்' என்ற பெயரின் மதிப்பைக் குறைத்துவிடுமென்று அஞ்சி, இரண்டொரு மில்லியன் டாலர் கொடுத்து அதை வாங்கிப் பிரதிகளை அழித்துவிடும்படி உத்தரவிட்டதாக அவரே கூறியிருக்கிறார். படத்தைப் பார்க்காமலே இந்த முடிவு செய்யப்பட்டது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

மூவர் கூற்றில் எது உண்மையென்று நாம் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. எதை ஏற்றாலும் நியாயம் ஒன்றே. வெளியிடும் எண்ணமே இல்லாமல் எடுத்தார்களென்றால், நூற்றுக்கு மேற்பட்ட இரவு பகல்களின் உழைப்பையும், சங்கீதக்காரர்களின் கைப்பணத்தையும் ஓர் ஒப்பந்தக் காகிதத்துக்கு முத்திரையாக உபயோகித்துக்கொண்டார்கள். வெளியிடும் எண்ணம் இருந்து, பிறகு பணத்துக்காக விட்டுக்கொடுத்தார்களென்றால், நம்பி உழைத்தவர்களின் உரிமையைத் தங்களுடையதாகப் பாவித்து விற்றுவிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் நஷ்டமடைந்தவர்கள் உழைத்தவர்களே, லாபமடைந்தவர்கள் அவர்களல்லர்.

இதற்கு அத்தாட்சி வேண்டுமா? 2005-ம் வருஷத்தில் அதே கதை சுமார் 10 கோடி டாலர் செலவில் மறுபடியும் படமாயிற்று. உலகெங்கும் 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அப்படத்தின் தயாரிப்பாளர் வரிசையில் ஐஷிங்கர், ஆராத் ஆகிய இருவர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் காணப்பட்டன! 1992-ம் வருஷத்தில் மூன்று நாள் முன்னதாகக் காமிராவைச் சுழற்றியதன் பலன் பதின்மூன்று வருஷங்களுக்குப் பிறகு கனிந்தது. கனியை உண்டவர்கள் யாரென்று நேயர்களே கண்டுகொள்ளலாம்.

எதிர்க்கட்சியின் வாதம்

மார்வெல் கம்பெனியின் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வியாபாரத்துக்குப் பெயரே உயிர். மட்டமான சரக்கொன்று அப்பெயரில் கடைக்கு வந்தால் பிறகு நல்ல சரக்கும் விலை போகாது. 'காப்டன் அமெரிக்கா' கதையைத் தழுவி எடுத்த ஒரு படம் அமெரிக்கக் கொட்டகைகளுக்கே வராமல், 1992-ம் வருஷத்தில் வீட்டில் பார்க்கும் வீடியோ நாடாவாக மட்டும் அங்கு வெளிவந்தது. அதனால் கம்பெனிக்கு நற்பெயர் ஏற்படவில்லை. அக்கம்பெனி 1996-ம் வருஷத்தில் இன்ஸால்வென்ஸி மனுக் கொடுக்க நேர்ந்ததையும், பிறகு தலைநிமிர்ந்து, 2009-ம் வருஷத்தில் சுமார் 400 கோடி டாலருக்கு டிஸ்னி கம்பெனியார் வாங்கும்படி உயர்ந்ததையும் கருதினால், பெயரைக் காப்பாற்ற அவர்கள் பட்ட கவலை வீண் என்று சொல்லிவிட முடியாது. மேலும், அவர்கள் திருடவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள்.

இவ்வாதத்துக்கு மதிப்புண்டு. ஆனால் அது நிரூபிப்பது என்ன? படத்தை வெளியிடாமல் நிறுத்தி வைக்க ஒரு காரணம் இருந்தது என்பதை மட்டுமே. எரிப்பதற்கு அது காரணமாகாது. நிலத்தை வாங்கினவன் அதில் பயிரிடாமல் தரிசாகப் போடலாம். ஊர்க் கிணற்றைத் தூர்த்துவிட அவனுக்கு உரிமையுண்டென்று எவரும் ஒப்பமாட்டார்கள். படைப்பு, நிலமும் அன்று, சரக்கும் அன்று. அதில் பலருடைய ஜீவியத்தின் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது. கூலி கொடுத்தவன் வேலையை வாங்குகிறான். அவ்வேலையைச் செய்தவன் செய்தான் என்ற உண்மையையே துடைத்துவிடும் அதிகாரத்தை எந்தக் கூலியும் வாங்கிவிடாது.

சட்டம் சொல்வது

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு அன்று. பிரெஞ்சு தேசத்துச் சட்டம் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. படத்தின் முடிவான உருவம் டைரக்டரும் முதலாளியும் சேர்ந்து ஒப்புக்கொண்டபின், அதன் மூலப்பிரதியை அழிக்கக்கூடாது என்பது அந்நாட்டின் ஷரத்து. முதலாளி படத்தைக் காட்டாமல் இருக்கலாம், கொளுத்த முடியாது. அமெரிக்காவிலோ 1990-ம் வருஷத்தில் ஓவியர், சிற்பிகளின் படைப்பைச் சிதைவினின்றும் காக்க ஒரு சட்டம் இயற்றினார்கள். சினிமாவையும், கூலிக்குச் செய்த படைப்புக்களையும் அதிலிருந்து விலக்கிவிட்டார்கள்! 

இந்தியாவின் நிலைமை இடைப்பட்டது. நமது 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் ஆசிரியனுக்குத் தன் படைப்பைச் சிதைக்காதிருக்கும்படி கோரும் பாத்தியதையை அளிக்கிறது. டில்லி விஞ்ஞான பவனத்தில் சிற்பி அமர்நாத் ஸேகல் அமைத்திருந்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ம் வருஷத்தில் அதிகாரிகள் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2005-ம் வருஷத்தில் டில்லி ஹைகோர்ட், சிற்பத்தின் மிச்சத்தை அவரிடம் ஒப்படைக்கும்படியும், 5 லக்ஷ ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படியும் தீர்ப்பளித்தது. முற்றும் அழிப்பதே சிதைவின் உச்சம் என்ற தத்துவம் அத்தீர்ப்பில் ஏற்கப்பட்டது. ஆனால் சினிமாப் படத்துக்கு 'ஆசிரியன்' யார் என்று கேட்டால், முதலாளியே என்று அதே சட்டம் விடை கூறுகிறது. ஆகவே அவரே தம் படத்தைக் கொளுத்தினால், டைரக்டரும் நடிகரும் அந்தப் பிரிவை எடுத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்பது எளிதன்று. நால்வர் படத்துக்கு அந்நாட்டில் நேர்ந்த கதி இந்நாட்டிலும் நேர இடமிருக்கிறது.

எரியாத பிரதி

இனி இச்சரித்திரத்தின் பிற்பகுதியைக் கூறுவோம். அழிக்கச் சொன்ன படம் அழியவில்லை. எவ்வாறோ ஒரு வீடியோப் பிரதி வெளியேறிற்று. அதிலிருந்து மற்றொன்று, அதிலிருந்து இன்னொன்று எனக் கள்ளப் பிரதிகள் மகாநாட்டுக் கடைகளில் கைமாறின. பிரதிக்குப் பிரதி எடுத்து எடுத்து உருவங்கள் மங்கின, ஓசை கரகரத்தது. அப்படியும் ஜனங்கள் தேடிப் பார்த்தார்கள். இன்டர்நெட் வந்தபின் உலகின் எந்த மூலையிலுள்ளவரும் அதைப் பார்க்க இயலுவதாயிற்று. படத்தின் வரலாற்றைக் கூறும் 'டூம்ட்' என்ற செய்திப்படம் ஒன்று 2015-ம் வருஷத்தில் வெளிவந்தது. வேஷம் போட்டவர்கள் அதில் தோன்றித் தங்கள் வாயாலேயே நடந்ததைக் கூறினார்கள்.

சட்டப்படி பார்த்தால் அக்கள்ளப் பிரதிகள் குற்றமே. குற்றத்தை நாம் புகழப்போவதில்லை. ஆயினும், சட்டப்படி நடந்தவர்கள் அழிக்கப் பார்த்ததைச் சட்டத்தை மீறியவர்கள் காப்பாற்றினார்கள் என்ற இவ்விபரீதத்துக்குப் பொறுப்பாளி யார்? நியாயமான வாயிலை அடைத்தால் ஜனங்கள் சுவரேறித்தான் குதிப்பார்கள். அழிவைத் தடுக்கும் கடமையைச் சட்டம் ஏற்காதபோது, அது திருடர் கைக்குப் போய்விடுகிறது. இது சட்டத்துக்கே இழுக்கு.

2025-ம் வருஷத்தில் டிஸ்னியின் மார்வெல் ஸ்டூடியோவார் நால்வர் கதையை மறுபடியும் பெரும் பொருட்செலவில் படமாக வெளியிட்டார்கள். அதில், 1994-ல் அரங்கேறாத படத்தின் நான்கு நடிகர்களும் சில விநாடிகள் தோன்றும் சிறு வேஷங்களில் இடம் பெற்றனர். முப்பது வருஷங்களுக்குப் பிறகாவது ஒரு மரியாதை செய்தது நன்றே. ஆனால் மரியாதை வேறு, நியாயம் வேறு. அவர்கள் நடித்த படம் மட்டும் கொட்டகையில் முறைப்படி வெளியிடப்படாமலே இருக்கிறது.

பெரும் படத்துக்கும் அதே கதி

படம் மலிவாக இருந்ததால்தான் இது நேர்ந்தது, பெரும் படத்துக்கு இவ்வபாயம் இல்லை என்று எவரேனும் நினைத்தால் அதுவும் தவறு. 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் வார்னர் கம்பெனியார், சித்திரக்கதையொன்றைத் தழுவிச் சுமார் 9 கோடி டாலரில் தயாராகி முடியுந் தறுவாயிலிருந்த 'பேட்கேர்ல்' என்ற படத்தை வெளியிடுவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். நஷ்டக் கணக்கில் எழுதி வரிச்சலுகை பெறுவதே நோக்கமென்று எங்கும் பேசப்பட்டது. படம் எடுத்த இரு டைரக்டர்களுக்கும் தங்கள் படத்தைக் காப்பாற்ற வழியொன்றும் இல்லை. 10 லக்ஷமாயினும் 9 கோடியாயினும் பணப்பெட்டியின் நியாயம் ஒன்றே. காட்டுவதைவிடக் காட்டாதிருப்பதில் லாபம் என்று கணக்கன் சொல்லிவிட்டால், ஆயிரம் பேரின் உழைப்பு ஒரு கையெழுத்தில் மறைந்துபோகும்.

செய்ய வேண்டுவது

நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. எந்த முதலாளியையும் அவர் விரும்பாத படத்தை வெளியிடும்படி வற்புறுத்த வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. வியாபாரம் அவருடையது, லாப நஷ்டம் அவரைச் சேர்ந்தது. முடிவுபெற்ற எந்தப் படத்தின் மூலப்பிரதியையும் அழிக்கலாகாது என்ற ஒரு ஷரத்து, பிரெஞ்சு தேசத்தில் இருப்பதுபோல், நமது சட்டத்திலும் சேர்க்கப்பட வேண்டும். வெளியிட மனமில்லாதவர் ஒரு பிரதியைப் பொதுப் பாதுகாப்பில் ஒப்படைக்க வேண்டும். குறிப்பிட்ட காலம் கழிந்த பின், அதில் உழைத்தவர்கள் தங்கள் தொழிலுக்கு அத்தாட்சியாக அதைக் காட்டிக்கொள்ள உரிமை பெற வேண்டும்.

தொழிலாளர் சங்கங்களில் உழைக்கும் அன்பர்களும், சட்டசபைகளில் இடம் பெற்றவர்களும் இதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர வேண்டும். கூலி உயர்வுக்கும் வேலைநேரத்துக்கும் போராடுவதுபோலவே, செய்த வேலை அழியாதிருக்கவும் போராடுவது தொழிலாளர் உரிமையின் ஒரு பகுதியேயாகும். நடிகர், சங்கீதக்காரர், காமிராக்காரர், கவசம் தைத்த தையற்காரர் ஆகிய எல்லோருக்கும் இவ்விஷயத்தில் நலன் ஒன்றே. படம் நன்றோ தீதோ, அதைத் தீர்மானிக்க ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன் அது வருமளவும் உயிரோடிருக்கச் செய்வது சட்டத்தின் கடமை.